ரியாகாம்ப் கம்ப்ரஸர்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

திருச்சியில் என் வீட்டு மாடியில் உள்ள சிறிய அறையில் நான் பதிவு செய்பவை பெரும்பாலும் கர்நாடக இசை மாணவர்களின் பாட்டு, தேவாரப் பண்ணிசை, மிருதங்கப் பாடங்கள், யாராவது கேட்டுவந்தால் ஒரு கதை வாசிப்பு. இவை அனைத்திலும் கடந்த நான்கு ஆண்டுகளாக நான் கைவைக்கும் கம்ப்ரஸர் ஒன்றுதான்: ரீப்பர் ஒலிப்பதிவு மென்பொருளோடு கூடவே வரும் ரியாகாம்ப். அதற்கு முன்பு, பெயர்பெற்ற பழைய கருவிகளின் முகப்பை அப்படியே படமாக வரைந்து விற்கும் ப்ளகின்கள் (ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் இணைத்து இயக்கும் துணை மென்பொருள்கள்) சிலவற்றைக் காசு கொடுத்து வாங்கியிருந்தேன். அவற்றில் இரண்டை இன்றும் எப்போதாவது திறக்கிறேன். மற்றவை கணினியில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. இந்த மாற்றம் சிக்கனத்தால் வந்ததன்று. கம்ப்ரஸர் எதைக் கேட்டு, எப்போது, எவ்வளவு இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பகுதியை இந்த அளவுக்கு வெளிப்படையாகத் திறந்துகொடுக்கும் வேறு ப்ளகின் என் கைக்குக் கிட்டவில்லை என்பதே காரணம். மிருதங்கத்தையும் சுருதிப் பெட்டியோடு பாடும் குரலையும் பதிவு செய்கிறவருக்கு அந்தப் பகுதிதான் உயிர்.

கம்ப்ரஸர் என்றதும் குளிர்சாதனப் பெட்டி நினைவுக்கு வருகிறவர்களை விட்டுவிடலாம். இசை தெரிந்தவர்களிலேயே பலர் இதை எம்.பி.3 கோப்பாகச் சுருக்குவதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது கோப்பின் அளவைக் குறைக்கும் வேலை. இது ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் வேலை. பாடகர் உச்சத்தில் பாடும்போது ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் பிடியான ஃபேடரைக் கொஞ்சம் இறக்கி, அவர் தணிந்ததும் பழைய இடத்துக்கே ஏற்றிவைக்கும் ஓர் உதவியாளரைக் கற்பனை செய்துகொண்டால் போதும். அந்த உதவியாளரின் கை, மனிதக் கை எட்டாத வேகத்தில் இயங்குகிறது என்பதுதான் வேறுபாடு. இந்தக் குழப்பத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. ரீப்பரை உருவாக்கிய காக்கோஸ் நிறுவனத்தின் ஜஸ்டின் ஃபிராங்கல்தான் 1997-இல் வினாம்ப் என்ற பாட்டுக் கேட்கும் மென்பொருளை வெளியிட்டவர், எம்.பி.3 பாடல்களை ஒரு தலைமுறையே அதன் வழியாகத்தான் கேட்டது. ஆக, இருவகைச் சுருக்கத்திலும் அவர் கை பட்டிருக்கிறது.

விலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரீப்பரை 60 நாள் எந்தத் தடையும் இல்லாமல் பயன்படுத்திப் பார்க்கலாம்; தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் சிறு வருமானம் உள்ளவர்களுக்கும் உரிமத்தின் விலை 60 டாலர், பெரிய வணிக நிறுவனங்களுக்கு 225 டாலர். ஒருமுறை செலுத்தினால் போதும். மாதச் சந்தா கிடையாது. வேறு மென்பொருளில் வேலை செய்கிறவர்களுக்கு, விண்டோஸ் கணினியாக இருந்தால், ரியாப்ளக்ஸ் என்ற பெயரில் இதே கம்ப்ரஸரும் அதன் உடன்பிறப்புகளும் பிற ஒலிப்பதிவு மென்பொருள்களிலும் இயங்கும் வி.எஸ்.டி. வடிவில் முற்றிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. மேக் வைத்திருப்பவர்கள் ரீப்பருக்குள்தான் இதைப் பயன்படுத்த முடியும். என் மடிக்கணினி பழையது; இருபது தடங்களிலும் இதைப் போட்டுவைத்தபோதுகூட அது மூச்சுவாங்கியதில்லை.

திறந்தவுடன் வரும் முகம் ஏமாற்றம் தரும். சாம்பல் நிறப் பின்புலம், வரிசையாகச் சில ஸ்லைடர்கள், எண்களைத் தட்டச்சு செய்யச் சிறு கட்டங்கள், இடப்பக்கம் உயரமான ஒரு த்ரெஷோல்ட் ஸ்லைடர், வலப்பக்கம் வெளியீட்டு அளவு. அரசு அலுவலகப் படிவம்போல் இருக்கிறது என்று என் மாணவர் ஒருவர் சொன்னார்; தவறில்லை. ஆனால் படிவத்தில் உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் பொருள் உண்டு. த்ரெஷோல்ட் என்பது எந்த அளவைத் தாண்டினால் கம்ப்ரஸர் விழித்துக்கொள்ள வேண்டும் என்ற வரம்பு. ரேஷியோ என்பது தாண்டிய பகுதியை எத்தனையில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும் என்ற விகிதம். ஒலி அளவை டெசிபெல்லில் சொல்வது வழக்கம்; கணினியில் உச்சம் பூஜ்யம், மற்றவை அதற்குக் கீழே. வரம்பு -20 டெசிபெல், விகிதம் 4-க்கு 1 என்று வைத்தால், -8 டெசிபெல்லில் வரும் ஒலி வரம்பை 12 டெசிபெல் தாண்டுகிறது. அந்தப் பன்னிரண்டு மூன்றாகக் குறைந்து, -17 டெசிபெல்லாக வெளியே வருகிறது. அதாவது 9 டெசிபெல் குறைப்பு. ‘நீ சைஸ்’ என்ற கட்டத்தைத் தமிழில் எழுதினால் எதிரே இருப்பவரை அழைப்பதுபோல் தோன்றும். முழங்கால் என்பதே அதன் பொருள், வரைபடத்தில் கோடு மடங்கும் இடத்தைக் குறிக்கிறது. அந்த மடிப்பை வளைவாக வைத்தால் குறைப்பு வரம்புக்குச் சற்று முன்பே மெல்லத் தொடங்கும். குரலுக்கு நான் 6 டெசிபெல்லுக்குக் குறையாமல் வைக்கிறேன்.

இந்தக் கணக்கெல்லாம் தெரிந்த பிறகும் தொடக்கத்தில் ஒரு பெரிய பிழையைச் செய்தேன். ஓதுவார் ஒருவர் வந்து பதிகங்கள் சிலவற்றைப் பாடிக் கொடுத்தார். தாளத்தோடு பாடியவை ஒழுங்காக அமைந்தன. விருத்தமாகப் பாடிய ஒரு பாடலில் அவர் ஓரிடத்தில் குரலை வெறும் மூச்சளவுக்குத் தணித்து, அடுத்த அடியில் மேல் ஸ்தாயிக்கு எழும்பினார். ரியாகாம்பில் ‘ஆட்டோ மேக்-அப்’ என்றொரு பெட்டி உண்டு. அதில் குறியிட்டால், குறைத்த அளவை ஈடுகட்டி ஒலியைத் தானாகவே உயர்த்தித் தரும். நான் குறியிட்டிருந்தேன். த்ரெஷோல்ட்டை இறக்க இறக்க ஒலி பெரிதாகிக்கொண்டே வந்தது. பெரிதாகக் கேட்பதெல்லாம் நன்றாகக் கேட்பதுபோல் காதுக்குத் தோன்றும் என்பது யாருக்கும் உள்ள பலவீனம், எனக்கும் இருந்தது. மறுநாள் வந்து ஹெட்போனில் கேட்டவர் பாதியிலேயே அதைக் கழற்றிவைத்து, "தம்பி, நான் சுவாமி காதில் மட்டும் சொன்னதை நீங்க ஊருக்கே கேக்கற மாதிரி ஆக்கிட்டீங்களே" என்றார். அவர் தணிந்து பாடிய அடியும் எழும்பிப் பாடிய அடியும் ஒரே உயரத்தில் நின்றுகொண்டிருந்தன. சிக்கல் ப்ளகினில் இல்லை. அதை நான் காதால் அளக்காமல் கண்ணால் அளந்ததில் இருந்தது.

அன்றிலிருந்து அந்தப் பெட்டியில் குறியிடுவதில்லை. வலப்பக்கம் ‘வெட்’ என்று இருக்கும் ஸ்லைடரைக் கொண்டு கையாலேயே ஈடுகட்டுகிறேன்: கம்ப்ரஸரை அணைத்தும் போட்டும் மாற்றி மாற்றிக் கேட்டு, இரண்டும் ஒரே உரப்பில் இருக்கும்வரை சரிசெய்கிறேன். உரப்பு சமமான பிறகு ஒப்பிட்டால்தான் கம்ப்ரஸர் உண்மையில் என்ன செய்கிறது என்பது தெரியவருகிறது. பத்தில் நான்கு முறை அது எதையும் மேம்படுத்தவில்லை என்பதும் அப்போதுதான் தெரியவருகிறது. அதன் பக்கத்திலேயே ‘ட்ரை’ என்றொரு ஸ்லைடரும் இருக்கிறது. அது கம்ப்ரஸர் தொடாத மூல ஒலியைக் கலந்து தரும். கடுமையாக அழுத்திய ஒலியையும் மூலத்தையும் சேர்த்துக் கலக்கும் வழக்கத்துக்குத் தனித் தடம் அமைக்க வேண்டிய தேவையே இதனால் இல்லாமல் போகிறது. அந்த விருத்தத்தை இறுதியில் அப்படித்தான் மீட்டேன்: மூல ஒலி முழுதாகவும், அழுத்திய ஒலி அதற்கு 12 டெசிபெல் கீழேயும் இருக்கும்படி வைத்தபோது, தணிந்த சொற்கள் தெளிவாகவும் கேட்டன, தணிந்தவையாகவும் இருந்தன.

ஈடுகட்டும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. 9 டெசிபெல் குறைத்துவிட்டு அதே 9 டெசிபெல்லைத் திரும்ப ஏற்றினால், பாடகர் மௌனமாக இருக்கும் இடங்களில் உள்ள அனைத்தும் 9 டெசிபெல் ஏறிவிடும். மின்விசிறியின் காற்று, பக்கத்து வீட்டுக் குக்கர், ஜன்னலுக்கு வெளியே காகம் ஆகிய அனைத்தும் பாட்டுக்குள் குடிபுகும். கர்நாடக இசைக்கு இதில் தனித் தொல்லை ஒன்று உண்டு: சுருதிப் பெட்டி. பாடகரின் மைக்கிலேயே சுருதியும் ஒழுகி விழுந்திருந்தால், அவர் பாடும்போது குரலோடு சேர்ந்து சுருதியும் அழுந்தும். மூச்சுக்காக நிறுத்தும் ஒவ்வொரு முறையும் சுருதி அலைபோல் பொங்கி மேலே வரும். ஆலாபனை முழுவதும் தம்புரா மூச்சுவிடுவதுபோல் ஒலிக்கும். ரிலீஸ் நேரத்தை, அதாவது அழுத்தத்தைக் கம்ப்ரஸர் தளர்த்த எடுத்துக்கொள்ளும் நேரத்தை, 80 மில்லி செகண்டிலிருந்து 600 வரை நீட்டினால் இந்தப் பொங்கல் மெதுவாகி மறைகிறது; ஆனால் அப்போது ஒரு பெரிய ஸ்வரத்துக்குப் பின் வரும் சிறிய ப்ருகாக்களும் (வேகமான ஸ்வர உருட்டல்களும்) அழுத்தத்திலேயே மாட்டிக்கொள்ளும். இதற்கு எந்தக் கம்ப்ரஸரிலும் முழுத் தீர்வு இல்லை. நான் இப்போதெல்லாம் சுருதியைப் பாடகரின் ஹெட்போனுக்கு மட்டும் அனுப்பி, தனியாகக் கலக்கிறேன்.

இனி, இந்தக் கம்ப்ரஸரை நான் விடாமல் வைத்திருப்பதற்கான காரணத்துக்கு வருகிறேன். எந்தக் கம்ப்ரஸருக்குள்ளும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில் ஒலி போகிறது. மற்றொன்றில் அதே ஒலியின் நகல் அளவெடுப்பவரிடம் போகிறது. அவர் அளந்து சொன்னபடிதான் முதல் வழியில் குறைப்பு நடக்கிறது. பெரும்பாலான ப்ளகின்கள் இந்த அளவெடுப்பவரைத் திரைக்குப் பின்னால் வைத்துவிடுகின்றன. ரியாகாம்ப் அவரை முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது: அவர் எந்த அலைவரிசைகளைக் கேட்க வேண்டும், எவ்வளவு நேரச் சராசரியைப் பார்க்க வேண்டும், எந்தத் தடத்தைக் கேட்க வேண்டும் என்பவை எல்லாம் நம் கையில் இருக்கின்றன.

மிருதங்கத்தை எடுத்துக்கொள்வோம். மாணவர் ஒருவர் ஒரே மைக்கில் வாசித்த ஆதி தாளப் பாடம் என்னிடம் இருக்கிறது. வலப்பக்கத் தோலான வலந்தலையில் விழும் ‘நம்’, ‘தின்’, சாப்பு ஆகியவை கூர்மையானவை, ஆற்றல் குறைந்தவை. இடப்பக்கத் தோலான தொப்பியில் விழும் ‘தோம்’ ஆழமானது, ரவை அப்பிய தோல் நீண்டு முழங்குவது, அலைவரிசைப் படத்தில் பார்த்தால் 100 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்குக் கீழும் ஒரு மலைபோல் நிற்பது. சாதாரணக் கம்ப்ரஸர் இந்த மலையைத்தான் முதலில் காணும். ‘தோம்’ விழுந்தவுடன் மொத்த ஒலியையும் 6 டெசிபெல் இறக்கும். தொப்பியின் நாதம் அடங்குவதற்குள் வலந்தலையில் விழும் அடுத்த இரண்டு சொற்களும் அந்தக் குழியிலேயே விழுந்துவிடும். ‘தகதிமி’ என்று வாசித்தது முதல் எழுத்தைத் தவிர மற்றவை மழுங்கியதாகக் கேட்கும். மாணவரின் விரல் பலவீனம் என்றே கேட்பவர் நினைப்பார்.

ரியாகாம்பில், ஓர் அலைவரிசைக்குக் கீழே உள்ளதை வெட்டும் வடிகட்டியான ஹைபாஸ் என்ற கட்டத்தில் 180 ஹெர்ட்ஸ் என்று தட்டினேன். இது வெளியே வரும் ஒலியிலிருந்து ஆழத்தை வெட்டுவதில்லை. அளவெடுப்பவரின் காதிலிருந்து மட்டும் வெட்டுகிறது. இப்போது ‘தோம்’ முழுதாக முழங்குகிறது, ஆனால் குறைப்பை அது தூண்டுவதில்லை. வலந்தலையில் மீறி விழும் சாப்புகள் மட்டுமே தூண்டுகின்றன. அட்டாக், அதாவது அழுத்தம் தொடங்க எடுத்துக்கொள்ளும் நேரம், 12 மில்லி செகண்ட் என்று வைத்ததால் விரல் தோலில் படும் அந்த முதல் வெடிப்பு தப்பித்துவிடுகிறது. அதற்குப் பின் வரும் நாதம்தான் சமப்படுகிறது. அட்டாக்கை 1 மில்லி செகண்டுக்குக் குறைத்துப் பார்த்தேன்: மிருதங்கத்தின் மேல் துணி போர்த்தியதுபோல் ஆயிற்று. இந்த வடிகட்டி என்ன செய்கிறது என்று சந்தேகம் இருந்தால், ‘ப்ரிவ்யூ ஃபில்டர்’ என்ற பெட்டியில் குறியிட்டால் போதும்; அளவெடுப்பவருக்குக் கேட்பது நமக்கும் கேட்கும். கம்ப்ரஸர் கற்றுக்கொடுக்க இதைவிடச் சிறந்த ஒரு பொத்தானை நான் கண்டதில்லை. ஒன்றே ஒன்று: வேலை முடிந்ததும் அந்தக் குறியை எடுத்துவிட வேண்டும். மறந்துபோய், ஆழமே இல்லாத மிருதங்கத்தை ஒரு முறை கோப்பாக்கி அனுப்பியும் இருக்கிறேன்.

அடுத்தது ‘ஆர்.எம்.எஸ். சைஸ்’. அளவெடுப்பவர் ஒவ்வொரு நொடித்துளியின் உச்சத்தையும் பார்க்க வேண்டுமா, சில மில்லி செகண்டுகளின் சராசரியைப் பார்க்க வேண்டுமா என்பதை இது முடிவு செய்கிறது. பூஜ்யம் என்று வைத்தால் உச்சத்தை மட்டும் பார்ப்பார். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை முழுதாகச் சென்று திரும்ப 20 மில்லி செகண்ட் ஆகும். சராசரி பூஜ்யமாகவும், அட்டாக்கும் ரிலீஸும் அதைவிடக் குறைவாகவும் இருந்தால், கம்ப்ரஸர் பாட்டின் ஏற்ற இறக்கத்தைப் பின்தொடர்வதை விட்டுவிட்டு, ஒரே அலையின் மேட்டையும் பள்ளத்தையும் பின்தொடரத் தொடங்கிவிடும். அலையின் வடிவமே மாறி, கரகரப்பு வரும். பேஸ் கிட்டாருக்குச் சிலர் இந்தக் கரகரப்பை வேண்டியே உண்டாக்குகிறார்கள். தவிலின் அடித்தொனியில் அது கிழிந்த ஒலிபெருக்கிபோல் கேட்டது. குரலுக்கு 5 முதல் 10 மில்லி செகண்ட், முழுக் கலவைக்கு 30 அல்லது அதற்கு மேல் என்பது என் கைவழக்கம். அலைவரிசை வடிகட்டிகளும் இந்தச் சராசரியும் ஒன்றையொன்று மாற்றுவதால், ஒன்றைத் தொட்டால் மற்றதைத் திரும்பக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

‘ப்ரீ-காம்ப்’ என்பது வரப்போகும் ஒலியை முன்னதாகவே எட்டிப் பார்க்கும் வசதி. 5 மில்லி செகண்ட் கொடுத்தால், உச்சம் வருவதற்கு முன்பே கம்ப்ரஸர் தயாராகிவிடும். இதற்காக ஒலி அதே அளவு தாமதமாகும். கலக்கும்போது ரீப்பர் மற்றத் தடங்களை அதற்கேற்பத் தானே சரிசெய்துகொள்வதால் பாதகமில்லை. பாடகர் தம் குரலைத் தாமே கேட்டுக்கொண்டு பதிவு செய்யும்போது மட்டும் இதைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும்.

கதை வாசிப்புகளில் ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் ஊசிபோல் குத்துவதுண்டு. அளவெடுப்பவர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும் கேட்கும்படி ஹைபாஸை வைத்து, அட்டாக்கை வேகமாக்கினால், அந்த எழுத்துகள் வரும்போது மட்டும் கம்ப்ரஸர் விழித்துக்கொள்ளும். ஆனால் அது அந்த எழுத்தின் முழு ஒலியையும் சேர்த்தே இறக்கும் என்பதால், அளவு மீறினால் வாசிப்பவருக்கு நாக்குத் தடுமாறுவதுபோல் இருக்கும். உச்ச அலைவரிசையை மட்டும் இறக்க வேண்டுமானால் இதன் உடன்பிறப்பான ரியாஎக்ஸ்காம்பைத்தான் நாட வேண்டும். அது ஒலியை அலைவரிசைப் பட்டைகளாகப் பிரித்துத் தனித்தனியே அழுத்தும்.

பிற தடத்தைக் கேட்கும் வசதியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் இது மற்ற ப்ளகின்களிலும் உண்டு. இசைத் தடத்தின் சேனல் எண்ணிக்கையை நான்காக்கி, வாசிப்பவரின் குரலை அதன் 3, 4-ஆம் சேனல்களுக்கு அனுப்பி, ரியாகாம்பின் டிடெக்டர் (அளவெடுப்பவர்) பட்டியலில் ஆக்ஸிலரி, அதாவது துணை உள்ளீட்டைத் தேர்ந்தால், அவர் பேசும்போது பின்னணி இசை தானே தணிந்து, நிறுத்தும்போது தானே எழும். வானொலியில் நாம் கேட்டுப் பழகியது இதுதான். ரிலீஸை அரை செகண்டுக்கு மேல் வைக்காவிட்டால் ஒவ்வொரு சொல்லிடைவெளியிலும் இசை எட்டிப் பார்க்கும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு, இது எதைத் தராது என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய ஸ்டூடியோக்களில் கம்ப்ரஸரை நாடுவது அளவைச் சீராக்க மட்டுமன்று. அந்தக் கருவி ஒலிக்குப் பூசும் வண்ணத்துக்காகவும்தான். பில் புட்னம் வடிவமைத்து 1967-இல் வந்த 1176 என்ற கம்ப்ரஸர், ஃபெட் வகை டிரான்சிஸ்டரைக் கொண்டு 20 மைக்ரோ செகண்டிலேயே பாய்ந்து பிடிக்கக் கூடியது. அந்த வேகத்தில் சிறிய கரகரப்பும் சேர்ந்து, ராக் பாடகரின் குரலை முகத்துக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தும். ஜிம் லாரன்ஸ் உருவாக்கிய எல்.ஏ.-2ஏ இதற்கு நேர்மாறானது. அதில் ஒலிக்கேற்ப ஒரு தகடு ஒளிர்கிறது, எதிரே உள்ள ஒளியுணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் குறைப்பை நிர்ணயிக்கிறது. அழுத்தத்தின் முதல் பாதி ஏறக்குறைய 60 மில்லி செகண்டில் தளரும். மீதிப் பாதி அரை செகண்டிலிருந்து 5 செகண்ட் வரை, எவ்வளவு நேரம் எவ்வளவு அழுத்தினோம் என்பதைப் பொறுத்து, இழுத்துக்கொண்டே போகும். இந்த நடத்தையை ரியாகாம்பின் ரிலீஸ் ஸ்லைடரால் அப்படியே கொண்டுவர முடியாது. ‘ஆட்டோ ரிலீஸ்’ ஓரளவு நெருங்குகிறது, அவ்வளவுதான். ரியாகாம்ப் வழியாகப் போன ஒலி கழுவி வைத்த பாத்திரம்போல் துப்புரவாக வெளியே வருகிறது. பாத்திரத்தில் ஏறிய பழைய புளிப்பின் வாசமும் வேண்டும் என்கிறவர்கள் வேறு ப்ளகினைத்தான் வாங்க வேண்டும். நான் இன்னும் திறக்கும் அந்த இரண்டும் இந்த வகைதான்.

இருந்தாலும் அந்தக் கருவிகளைக் கொண்டு பழைய பொறியாளர்கள் கையாண்ட முறை ஒன்றை இதில் நன்றாகவே செய்யலாம். வேகமான கம்ப்ரஸரை முன்னாலும் மெதுவானதைப் பின்னாலும் வைத்து, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக உழைக்கவிடும் முறை அது. என் குரல் தடங்களில் இரண்டு ரியாகாம்ப் உண்டு. முதலாவது: விகிதம் 4-க்கு 1, அட்டாக் 1 மில்லி செகண்ட், ரிலீஸ் 50, தப்பிப் பாயும் உச்சங்களை மட்டும் 3 டெசிபெல் தட்டிவைக்கும். இரண்டாவது: விகிதம் 2-க்கு 1, அட்டாக் 20, ரிலீஸ் 300, அது ஒட்டுமொத்தப் பாட்டையும் இன்னொரு 3 டெசிபெல் தாங்கிப் பிடிக்கும். ஒரே கம்ப்ரஸரைக் கொண்டு 6 டெசிபெல் இறக்கியபோது கேட்ட நெரிசல் இதில் கேட்பதில்லை.

குறைகளில் என்னை நாள்தோறும் உறுத்துவது குறைப்பைக் காட்டும் மீட்டர். அது சிறியது, கடந்த சில செகண்டுகளில் எங்கே எவ்வளவு குறைந்தது என்பதை வரைபடமாகக் காட்டுவதில்லை. சாப்பு விழுந்த கணத்தில் சிவப்புக் கோடு துள்ளி மறைந்துவிடும். எத்தனை டெசிபெல் என்று பார்க்கத் திரும்பவும் பாடவிட வேண்டும். இரண்டாவது, ஸ்லைடர்களில் சுட்டியைக் கொஞ்சம் நகர்த்தினாலே மதிப்பு அதிகம் தாவுகிறது. எண்ணைத் தட்டச்சு செய்யப் பழகிக்கொண்டால் இந்தத் தொல்லை தீரும், ஆனால் பாட்டு ஓடும்போது காதை வைத்துத் தேடுவதற்குத் தட்டச்சு தோதானதன்று. மூன்றாவது, கட்டங்களின் அமைப்பு புதியவருக்கு எந்த வழியும் காட்டுவதில்லை. எது முக்கியம், எது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வேறுபாடே இல்லாமல் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கின்றன; சொல்லப்போனால், முகப்பையும் யாரோ ஒரு கம்ப்ரஸரில் போட்டுவிட்டார்கள்.

வாடிக்கையாளர்கள் கேட்கும் ஒரு கேள்விக்கும் இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன்: இதைக் கொண்டு பாட்டை எவ்வளவு சத்தமாக்கலாம்? ‘லிமிட் அவுட்புட்’ என்ற பெட்டியில் குறியிட்டு வேண்டுமட்டும் தள்ளலாம்தான். ஆனால் யூடியூப், ஒலி உரப்பைத் தோராயமாக -14 எல்.யு.எஃப்.எஸ். (உரப்பை அளக்கும் அலகு) என்ற அளவில் நிறுத்துகிறது. -8 வரை இடித்து நிரப்பிய பாட்டை அது 6 டெசிபெல் இறக்கியே ஒலிக்கும். ஏற்ற இறக்கத்தை இழந்ததுதான் நமக்கு மிஞ்சும். இதை விளக்கிச் சொன்ன பிறகும் "பக்கத்துப் பாட்டைவிடச் சத்தமாக இருக்கட்டும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு கோப்புகள் தருகிறேன், வீட்டில் போய் யூடியூபில் ஏற்றிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று.

நாகசுரத்துக்கு மட்டும் இதுவரை ரியாகாம்பைக் கொண்டு என்னால் எதையும் மேம்படுத்த முடியவில்லை. கடந்த மாதம் ஒரு மல்லாரிப் பதிவில் விகிதம், அட்டாக், வடிகட்டி என எல்லாவற்றையும் மாற்றி மாற்றி ஒரு மாலை முழுவதும் முயன்றேன். அந்த வாத்தியம் தொடக்கத்திலிருந்தே ஏறக்குறைய ஒரே உரப்பில் நிற்கிறது. அதில் கேட்க வேண்டிய ஏற்ற இறக்கமெல்லாம் ஊதுவாயான சீவாளியில் உதடு செய்யும் வேலையில், டெசிபெல்லில் சிக்காத இடத்தில் இருக்கிறது. கடைசியில் அந்தத் தடத்திலிருந்து ப்ளகினை நீக்கிவிட்டு, மைக்கை இன்னும் மூன்றடி தள்ளிவைத்து மறுபடி வாசிக்கச் சொன்னேன்.